கேரி ஆன் நர்ஸ் (1959): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான். சொன்னதும் திரும்பி வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அது முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் டாஃபடில் என்ற பூவைப் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

இது என்ன படம்?

1959 மார்ச்சில் பிரிட்டனில் வெளியான கறுப்பு வெள்ளைப் படம், 86 நிமிடம். ஹேவன் என்ற கற்பனை மருத்துவமனையில் ஆண்களுக்கான அறுவை சிகிச்சை வார்டு. அங்கே படுத்திருக்கும் நோயாளிகள், அவர்களுக்காக ஓடிக்கொண்டே இருக்கும் நர்ஸுகள், எல்லோரையும் நடுங்க வைக்கும் தலைமை நர்ஸான மேட்ரன். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். தயாரிப்பு பீட்டர் ராஜர்ஸ், இயக்கம் ஜெரால்ட் தாமஸ், திரைக்கதை நார்மன் ஹூடிஸ். 'கேரி ஆன்' வரிசையில் இது இரண்டாவது படம்.

'கேரி ஆன்' என்றால் என்ன பொருள்?

ராணுவத்தில் அதிகாரி வந்து பார்வையிட்டுவிட்டு, கிளம்பும்போது சார்ஜென்ட்டிடம் சொல்லும் வார்த்தை அது. "சரி, நீங்க நடத்துங்க" என்பது போல. 1958-இல் வந்த முதல் படம் 'கேரி ஆன் சார்ஜென்ட்', கட்டாய ராணுவப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களைப் பற்றியது. அந்தப் படத்துக்கு இந்தத் தலைப்பு அப்படியே பொருந்தியது. படம் எதிர்பாராத அளவுக்கு ஓடியதும் தலைப்பின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள். நர்ஸ், டீச்சர், கான்ஸ்டபிள் என்று நீண்டு, 1992 வரை மொத்தம் 31 படங்கள்.

முதல் படம் பார்க்காமல் இதைப் பார்த்தால் புரியுமா?

தாராளமாகப் புரியும். ஒரு படத்தின் கதை அடுத்த படத்தில் தொடராது, கதாபாத்திரங்களும் தொடர மாட்டார்கள். தொடர்வது நடிகர்கள்தான். ஒரே நாடகக் கம்பெனி இன்று ஒரு நாடகமும் நாளை வேறொரு நாடகமும் போடுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். சார்ஜென்ட்டில் பயிற்சிக்கு வந்த கென்னத் வில்லியம்ஸும் சார்லஸ் ஹாட்ரேயும் கென்னத் கானரும் இதில் கட்டிலில் படுத்திருப்பார்கள். அதில் ராணுவ டாக்டராக வந்த ஹாட்டி ஜாக்ஸ் இங்கே மேட்ரன்.

எவ்வளவு செலவில் எடுத்தார்கள்?

சுமார் 71 ஆயிரம் பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 2 லட்சம் டாலர். அதே 1959-இல் ஹாலிவுட்டிலிருந்து வந்த 'பென்ஹர்' படத்தின் செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சின்ன படம் என்று புரியும்.

எப்படிச் சமாளித்தார்கள் என்பதில்தான் எனக்கு இந்தப் படத்தின் மேல் பெரிய மரியாதை. லண்டனுக்கு வெளியே பைன்வுட் ஸ்டூடியோவில், 1958 நவம்பரில் தொடங்கி டிசம்பருக்குள் முடித்துவிட்டார்கள். சுமார் ஆறே வாரம். பெரும்பகுதி ஒரே வார்டு செட்டில் நடக்கிறது. இரண்டு பக்கமும் வரிசையாக இரும்புக் கட்டில்கள், நடுவில் நடைபாதை. ஜெரால்ட் தாமஸ் படத்தொகுப்பாளராக இருந்து இயக்குநரானவர். எந்த ஷாட் எங்கே வெட்டப்படும் என்பது கேமராவைப் போடும்போதே அவருக்குத் தெரியும். அதனால் தேவையில்லாமல் பிலிம் ஓடாது. நடிகர்கள் நாடக மேடையிலும் வானொலியிலும் பழகியவர்கள், ஓரிரண்டு டேக்கில் முடித்துவிடுவார்கள்.

அன்றைய சட்டமும் கைகொடுத்தது. ஈடி லெவி என்று ஒரு ஏற்பாடு இருந்தது. தியேட்டரில் விற்கும் டிக்கெட்டில் ஒரு சிறு பங்கைப் பிடித்து வைத்து, வசூலுக்கு ஏற்ப பிரிட்டிஷ் படங்களின் தயாரிப்பாளர்களுக்குத் திருப்பித் தருவார்கள். உள்ளூரில் ஓடும் படத்தை மலிவாக எடுத்தால் இரண்டு வழியிலும் லாபம். பீட்டர் ராஜர்ஸ் இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

இந்தச் சிக்கனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நடிகர்களின் சம்பளம் மிகக் குறைவு. தொடர் உச்சத்தில் இருந்த பின்னாட்களில்கூட முன்னணி நடிகருக்கு ஒரு படத்துக்குச் சுமார் 5 ஆயிரம் பவுண்டுதான். நடிகைகளுக்கு அதில் பாதி. ஹாட்டி ஜாக்ஸும் ஜோன் சிம்ஸும் திரையில் செய்த வேலையைப் பார்த்த பிறகு இந்தப் பாதிக் கணக்கை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஏன் கறுப்பு வெள்ளை?

பணம்தான் காரணம். கலர் என்றால் பிலிம், பிரதி, விளக்கு எல்லாவற்றுக்கும் கூடுதல் செலவு. 31 படங்களில் கறுப்பு வெள்ளையில் வந்தவை ஏழு: சார்ஜென்ட், நர்ஸ், டீச்சர், கான்ஸ்டபிள், ரெகார்ட்லெஸ், கேபி, ஸ்பையிங். 1962-இல் கப்பல் பயணக் கதையான 'க்ரூஸிங்' முதல் கலர் படம். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டே டாக்சி ஓட்டுநர்கள் கதையான 'கேபி'க்கு மறுபடியும் கறுப்பு வெள்ளைக்குப் போனார்கள். கலர் வந்ததும் ஒரேயடியாக மாறிவிடவில்லை. கதைக்குத் தேவையா என்று பார்த்துச் செலவு செய்திருக்கிறார்கள்.

நர்ஸ் படத்துக்கு இந்தக் கறுப்பு வெள்ளை நன்றாகவே அமைந்தது என்பேன். வெள்ளை விரிப்பு, வெள்ளை ஏப்ரன், வெள்ளைத் தொப்பி. நடுவில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முகங்கள் மட்டும்தான். கட்டிலில் கட்டுப்பட்டுக் கிடக்கும் ஆட்களை வைத்து நகைச்சுவை செய்ய வேண்டுமென்றால் முகத்தைவிட வேறென்ன வேண்டும்?

வார்டில் யார் யார் இருக்கிறார்கள்?

குடல்வால் வலியோடு ஆம்புலன்ஸில் வந்து இறங்கும் பத்திரிகையாளர் டெட் யார்க், நடித்தவர் டெரன்ஸ் லாங்டன். இவருக்கும் ஷர்லி ஈட்டன் நடித்த நர்ஸ் டென்டனுக்கும் லேசான காதல் கதை. படத்திலேயே பலவீனமான பகுதி இதுதான், அதை விட்டுவிடலாம்.

கையை உடைத்துக்கொண்டு வந்த குத்துச்சண்டை வீரர் பெர்னி பிஷப், கென்னத் கானர். இவரைப் பார்க்க வரும் சிறுவனாக நடித்தது கானரின் சொந்த மகன். காலில் கட்டோடு பில் ஓவன். அணு இயற்பியல் படிக்கும் மாணவன் ஆலிவர் ரெக்கிட்டாகக் கென்னத் வில்லியம்ஸ். எந்நேரமும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, கையில் புத்தகத்தோடு இருப்பவர். ஆனால் தன் நண்பனின் தங்கை பார்க்க வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்தக் கர்வம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை வில்லியம்ஸ் காட்டும் விதம் அருமை. பின்னாளில் கத்திப் பேசும் பாத்திரங்களிலேயே அவரைச் சிக்கவைத்துவிட்டார்கள். இப்படி மெதுவாகவும் செய்யத் தெரிந்தவர் அவர்.

எனக்கு மிகப் பிடித்தவர் சார்லஸ் ஹாட்ரே நடித்த ஹின்டன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மருத்துவமனை ரேடியோவில் இசை கேட்பார். நமக்கு அந்த இசை தேவையில்லை, அவர் முகமே போதும். கண்ணை மூடி, விரலால் முழு ஆர்கெஸ்ட்ராவையும் நடத்துவார். பக்கத்துக் கட்டிலில் என்ன நடந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, வட்டக் கண்ணாடி, முகத்தில் அப்படியொரு ஆனந்தம். வார்டில் நெடுநாள் படுத்திருக்கும் ஒரு மனிதர் தனக்கென்று ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்வதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

மேட்ரன் என்றால் யார்? ஏன் அவ்வளவு பயம்?

பழைய பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் நர்ஸுகள் அனைவருக்கும் தலைவி மேட்ரன். அவருக்குக் கீழே ஒவ்வொரு வார்டுக்கும் பொறுப்பாக ஒரு சிஸ்டர், அப்புறம் ஸ்டாஃப் நர்ஸ், கடைசியில் பயிற்சி நர்ஸ். நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் "சிஸ்டர், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுகிறோமே, அந்தச் சொல் அந்த அடுக்கிலிருந்து வந்ததுதான்.

படத்தில் மேட்ரன் ரவுண்ட்ஸ் வரும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். வருகிறார் என்று தெரிந்ததும் வார்டே மாறிவிடும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, கட்டில்கள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், நோயாளிகள் அட்டென்ஷனில் படுத்திருக்க வேண்டும். நோயாளி ஏதாவது விதியை மீறினால் திட்டு விழுவது நர்ஸுக்கு. இதைப் பொறுக்காமல் கென்னத் வில்லியம்ஸ் மேட்ரனையே எதிர்த்துக் கேட்பார், இந்த விதியால் யாருக்கு என்ன பயன் என்று. படத்தின் மையமே அந்த இடம்தான் என்பது என் எண்ணம்.

என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது ஒரு வாரம் நான் பொது வார்டில் அவர் கூடவே இருந்தேன். காலை எட்டரை மணிக்கு "பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வராங்க, கூட இருக்கிறவங்க எல்லாம் வெளிய போங்க" என்று குரல் வரும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்க், கூடை, செருப்பு எல்லாம் நொடியில் மறையும். ஆயாம்மா ஒருவர் அப்பாவின் போர்வை நுனியை இழுத்து இழுத்துச் சரிசெய்வார். தையல் போட்ட இடம் வலிக்கும், அப்பா பல்லைக் கடித்துக்கொள்வார். டாக்டர் வந்து அரை நிமிடம் நின்றுவிட்டுப் போவார், போர்வையைப் பார்க்கக்கூட மாட்டார். பல வருடங்கள் கழித்து இந்தப் படத்தைப் பார்த்தபோது அந்தப் போர்வை நுனி அப்படியே கண்முன் வந்தது. அறுபது வருடத்துக்கு முந்தைய, முற்றிலும் வேறொரு நாட்டுப் படம் எனக்கு இவ்வளவு நெருக்கமானது இதனால்தான்.

ஹாட்டி ஜாக்ஸுக்கு அப்போது வயது 36 தான். நிற்கும் தோரணையிலேயே அறுபது வயதுக்காரியின் அதிகாரத்தைக் கொண்டுவந்துவிடுவார். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் செஞ்சிலுவைத் தொண்டராக நர்ஸ் வேலை பார்த்தவர் அவர். இந்த வரிசையில் மொத்தம் ஐந்து படங்களில் மேட்ரனாக வந்தார். 1972-இல் வந்த ஒரு படத்தின் பெயரே 'கேரி ஆன் மேட்ரன்'.

நோயாளிகளே ஆபரேஷன் செய்யக் கிளம்பும் காட்சி பற்றிச் சொல்லுங்கள்.

லெஸ்லி ஃபிலிப்ஸ் நடித்த ஜாக் பெல், கால் பெருவிரல் பக்கத்தில் புடைத்த எலும்பை எடுக்க வந்தவர். வார இறுதியில் காதலியோடு வெளியூர் போகும் திட்டம் இருக்கிறது. சளி பிடித்ததால் டாக்டர்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள். ராத்திரி எல்லோரும் கொஞ்சம் ஷாம்பெயின் குடிக்கிறார்கள். "நாமே செய்துவிட்டால் என்ன?" என்று பேச்சு வருகிறது. வார்டிலேயே அதிகம் படித்தவர் என்பதால் அணு இயற்பியல் மாணவர்தான் சர்ஜன். கையில் அறுவை சிகிச்சைப் புத்தகத்தோடு தயாராகிறார். நைட் நர்ஸைக் கட்டிப்போட்டுவிட்டு ஹாட்ரே நர்ஸ் உடையில் காவலுக்கு உட்காருகிறார். மற்றவர்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைகிறார்கள்.

நோயாளிக்குப் போதை தெளிந்து பயம் வந்துவிடுகிறது, ஆனால் சர்ஜன் பின்வாங்கத் தயாராக இல்லை. அந்த நேரத்தில் சிரிப்பு வாயு கசிகிறது. ஒருவர் சிரிக்க, இன்னொருவருக்குத் தொற்ற, கடைசியில் யாராலும் நிற்கவே முடியவில்லை. வசனமே இல்லாமல் வெறும் சிரிப்பை மட்டும் வைத்து இவ்வளவு நேரம் காட்சியை ஓட்டுவது மிகக் கடினம். ஒவ்வொருவர் சிரிப்பும் வேறு வேறு விதமாக இருப்பதால்தான் அது நிற்கிறது.

எல்லோரும் சொல்லும் அந்த டாஃபடில் காட்சி என்ன?

தனி அறையில் ஒரு கர்னல் இருக்கிறார், வில்ஃப்ரிட் ஹைட்-வைட். எந்நேரமும் மணியை அழுத்தி நர்ஸுகளைக் கூப்பிடுவார், குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டச் சொல்லி ஆர்டர்லியை அனுப்புவார். கடைசியில் ஜோன் சிம்ஸ் நடித்த பயிற்சி நர்ஸின் முதுகில், புதிதாக வண்டி ஓட்டப் பழகுபவர்கள் மாட்டும் 'எல்' எழுத்தை ஒட்டிவிட்டுக் கிண்டல் செய்வார். அதற்கு நர்ஸுகள் பழிவாங்குவதுதான் கடைசிக் காட்சி. ஆசனவாய் வழியாகக் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். தெர்மாமீட்டருக்குப் பதிலாக நீளத் தண்டுள்ள டாஃபடில் பூ ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே வந்த மேட்ரன் அப்படியே நிற்கிறார். காய்ச்சல் பார்ப்பதை நீங்கள் பார்த்ததே இல்லையா என்று கர்னல் கேட்க, பார்த்திருக்கிறேன், டாஃபடிலை வைத்துப் பார்த்ததில்லை என்று பதில் வருகிறது. படம் முடிகிறது.

திரையில் எதையும் காட்டவில்லை. நாம் பார்ப்பது மேட்ரனின் முகத்தையும், அவர் கையில் எடுக்கும் பூவையும்தான். டாஃபடில் பிரிட்டனில் குளிர்காலம் முடிந்து மார்ச் மாதத்தில் எங்கும் பூக்கும் மஞ்சள் பூ. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் கொண்டுபோவது. அவ்வளவு சாதுவான ஒரு பூ என்பதால்தான் அந்த இடத்தில் அப்படிச் சிரிப்பு வருகிறது. அமெரிக்காவிலும் படம் நன்றாக ஓடியது, அங்கே விளம்பரத்துக்காகப் பார்வையாளர்களுக்குப் பிளாஸ்டிக் டாஃபடில்கள் கொடுத்தார்கள்.

கதை எங்கிருந்து வந்தது?

பேட்ரிக் கார்கிலும் ஜாக் பீலும் எழுதிய 'ரிங் ஃபார் கேட்டி' என்ற நாடகத்தை அடிப்படையாகக் கொண்டது என்று பெயர்ப்பட்டியலில் வரும். காசநோய் மருத்துவமனையில் நடக்கும் நாடகம் அது. நாடகத்திலிருந்து படத்துக்கு வந்தது மிகக் கொஞ்சம்தான். நார்மன் ஹூடிஸின் மனைவி நர்ஸ்; அவர் சொன்ன வார்டு கதைகள் திரைக்கதைக்கு உரமானது. நர்ஸுகள் கால்வலியோடு ஓடுவதும் ஒருவருக்கொருவர் முட்டுக் கொடுப்பதும் உண்மையாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். அந்த நாடகத்தை இதே குழு 1962-இல் 'ட்வைஸ் ரவுண்ட் தி டாஃபடில்ஸ்' என்ற பெயரில் ஓரளவு ஒழுங்காகவே படமாக்கியது.

ஓடியதா?

ஓடியது என்பது சின்ன வார்த்தை. 1959-இல் பிரிட்டனில் அதிக வசூல் செய்த படம் இதுதான். ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. தேசிய சுகாதார சேவை தொடங்கிப் பதினோரு ஆண்டுகூட ஆகவில்லை, 1948 ஜூலையில்தான் தொடங்கியது. காசு கட்டாமல் மருத்துவமனையில் படுப்பது என்ற அனுபவம் ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதிதாகக் கிடைத்திருந்த காலம். தாங்கள் படுத்த கட்டிலைத் திரையில் பார்க்க மக்கள் வந்தார்கள்.

சிட் ஜேம்ஸ் எங்கே? பார்பரா வின்ட்சர் எங்கே?

இந்த வரிசையின் பின்னாள் படங்களால் பிரபலமான இந்த இருவரும் இதில் இல்லை. சிட் ஜேம்ஸ் 1960-இல் 'கான்ஸ்டபிள்' படத்தில்தான் சேர்ந்தார், பார்பரா வின்ட்சர் 1964-இல் 'ஸ்பையிங்'கில்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். இரட்டை அர்த்தம் உண்டு, ஆனால் லேசானது. 1970-களில் வந்த படங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சாது. இருந்தாலும் சில விஷயங்கள் இன்று உறுத்தும். நோயாளிகள் நர்ஸுகளைப் பார்க்கும் பார்வையைப் படம் கேள்வி கேட்பதில்லை, நைட் நர்ஸைக் கட்டிப்போடுவதை வெறும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த பிள்ளைகள் என்றால் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே பார்க்கலாம்.

இசை?

ப்ரூஸ் மான்ட்கமரி. இவர்தான் எட்மண்ட் கிரிஸ்பின் என்ற பெயரில் துப்பறியும் நாவல்கள் எழுதியவர்.

இதில் நடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

ஷர்லி ஈட்டனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1964-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் உடல் முழுக்கத் தங்க முலாம் பூசப்பட்டுக் கட்டிலில் கிடப்பாரே, அவர்தான். வார்டு சிஸ்டராக வரும் ஜோன் ஹிக்சன், கால் நூற்றாண்டு கழித்து பிபிசி தொடரில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாக நடித்து உலகம் முழுக்கத் தெரிந்த முகமானார். லெஸ்லி ஃபிலிப்ஸின் குரலை ஹாரி பாட்டர் படங்களில் பேசும் தொப்பியின் குரலாகக் கேட்டிருப்பீர்கள். அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த "டிங் டாங்" என்ற வார்த்தை பிறந்தது இந்த வார்டில்தான். படத்தில் அவர் பெயர் பெல் என்பதால் மணியோசையாகச் சொல்லி வைத்தது, கடைசிவரை விடவில்லை. கென்னத் வில்லியம்ஸ் இந்த வரிசையில் 26 படங்கள் நடித்தார், வேறு யாரும் அவ்வளவு நடிக்கவில்லை.

பிடித்திருக்கிறது. அடுத்து எது?

முதலில் பின்னால் போய் 'சார்ஜென்ட்' பாருங்கள். பின்னாளில் பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடரில் முதல் 'டாக்டர் ஹூ' ஆன வில்லியம் ஹார்ட்னெல்தான் அந்த சார்ஜென்ட். அப்புறம் 'கேபி'. சிட் ஜேம்ஸும் ஹாட்டி ஜாக்ஸும் கணவன் மனைவி. டாக்சியே கதி என்று கிடக்கும் கணவனுக்குப் பாடம் புகட்ட, மனைவி பெண் ஓட்டுநர்களை மட்டும் வைத்து ரகசியமாகப் போட்டி டாக்சி கம்பெனி தொடங்குவார். மேட்ரனாகவே பார்த்துப் பழகிய ஹாட்டி ஜாக்ஸ், கணவனுக்காகக் காத்திருந்து ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பதை அதில் பார்க்கலாம்.